நானும் ரஹ்மத்தும் போன வெளிநாடுகள்

காலை எட்டரை மணி இருக்கும். மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் போன் நீளமாக அடித்தது. என் கணவர் சிங்கப்பூரிலிருந்து கூப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். அன்று வியாழக்கிழமை.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"அண்ணி, நான் சலீம் ரூம்ல இருக்கிற ஆளு பேசுறேன், சவூதியிலேருந்து. நமக்குக் கும்பகோணம். சலீம் சம்சாரம் பக்கத்துல இருக்காங்களா?"

"இல்லீங்களே. கூப்பிடட்டுமா?"

"வேணாம், வேணாம். கூப்பிடாதீங்க."

அந்தக் காலத்து வெளிநாட்டு லைனில் நாம் பேசியது கொஞ்சம் பிந்தி நம் காதுக்கே திரும்பி வரும். 'கூப்பிடட்டுமா' என்ற என் குரலையே நான் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னார்.

"ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னான். கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுபோச்சு அண்ணி. இப்ப ஐஸ் ரூம்ல வச்சிருக்காங்க. அவங்க அண்ணன் நம்பர் எங்ககிட்ட இல்ல. நீங்கதான் சொல்லணும்."

சலீமின் மனைவி, என் அடுத்த வீட்டு ரஹ்மத்தின் அண்ணன் சென்னை மண்ணடியில் கடை வைத்திருந்தார். அதிராம்பட்டினத்து வழக்கப்படி அவள் அவரைக் 'காக்கா' என்பாள். கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் காக்காதான். அவர் நம்பர் என் நோட்டில் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பவே பஸ் ஏறுறேம்மா. வந்து சேர சாயங்காலம் ஆயிடும். நானே வந்து சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் ஒண்ணும் காட்டிக்காதீங்க. சின்னப் புள்ளைங்கள வச்சுக்கிட்டுத் தனியா இருக்கா."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் ரஹ்மத் நிற்கிறாள். சலீம் சவூதியிலிருந்து அனுப்பிய கறுப்புப் பர்தா, கையில் ஒரு துணிப்பை, முகம் கொள்ளாத சிரிப்பு.

"என்னக்கா, இன்னும் கிளம்பலையா? பிளேன் போயிடும்!"

அன்று நாங்கள் வெளிநாடு போவதாக இருந்தோம்.

சுவருக்கு அந்தப் பக்கம்

இது விளங்க வேண்டுமானால் இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரே சுவரை நடுவில் வைத்துக் கட்டிய இரண்டு வாடகை வீடுகள். ஒன்றில் நானும் என் மகனும். மற்றதில் ரஹ்மத்தும் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, அவளுக்கு இருபத்தேழு.

எங்களுக்குப் பாபநாசம் பக்கத்துக் கிராமம். குத்தகை நிலம். இரண்டு வருஷம் தொடர்ந்து குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. மூன்றாம் வருஷம் என் கணவர் நாற்றங்கால் போடவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார். கப்பல் பட்டறை வேலைக்கு அவர் சிங்கப்பூர் போனதும், பையனின் படிப்புக்காக நான் டவுனுக்கு வந்து சேர்ந்தேன். தையல் மெஷின் ஒன்று போட்டு பிளவுஸ் தைத்தேன்.

அப்போது எங்கள் பக்கத்தில் 'வெளியில' என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறியிருந்தது. "அவரு வெளியில இருக்காரு" என்றால் வாசலில் இருக்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருத்தரை வழியனுப்ப வேன் வைத்துக்கொண்டு இருபது பேர் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போவார்கள். திரும்பி வரும்போது அந்த வேனில் யாரும் பேச மாட்டார்கள். நானும் அப்படி ஒரு வேனில் திரும்பி வந்தவள்தான்.

எங்கள் வரிசையில் போன் என் வீட்டில் மட்டும். சலீம் எழுதும் கடிதத்தில் என் நம்பரைப் போட்டுப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதியிருப்பார், அடுத்த வீட்டு நம்பர் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. நம்ம ஊர் மத்தியானத்தில் கூப்பிடுவார். நான் குழவிக்கல்லால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவேன். ரஹ்மத் ஓடி வருவாள். அவள் கூச்சப்படாமல் பேசட்டும் என்று நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன்.

டிராவல்ஸ் ஆபீஸ்

ஒருநாள் ரஹ்மத் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். புதிதாகத் திறந்திருந்த டிராவல்ஸ் ஆபீஸ் ஒன்றுக்கு. டிரைவர் வேலையில் இருக்கிறவர் மனைவி மக்களை அங்கே கூப்பிட்டுக்கொள்ள முடியுமா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சலீமிடம் கேட்டால் "பாக்கலாம்" என்கிறாராம்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முகத்தில் ஏசி காற்று அடித்தது. தரையெல்லாம் கம்பளம். சுவர் முழுக்க வெளிநாட்டுப் படங்கள். கழுத்தில் டை கட்டிய ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"டிரைவர் விசாவுல ஃபேமிலி எடுக்க முடியாதுங்க. இன்னும் பத்து வருஷம் ஆனாலும் இதே விசான்னா முடியாது."

எழுந்திருப்பாள் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. சோபாவின் கையைத் தடவிக்கொண்டு படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவோமே. இதுவே வெளிநாடு மாதிரிதான இருக்கு."

அரை மணி நேரம் இருந்தோம். அந்த மனுஷர் எங்களைப் போகச் சொல்லவில்லை. வெளியே வந்தால் கீழவாசல் வெயில், மீன் வாடை, டவுன் பஸ் ஹாரன். ரஹ்மத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திரும்பி வந்துட்டோம்க்கா" என்றாள். பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதிலிருந்து வியாழக்கிழமைகளில் போக ஆரம்பித்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். போகிற இடத்தில் வீட்டுக் கவலை பேசக் கூடாது. இந்த இரண்டும்தான் பேச்சு.

சிவகங்கைப் பூங்காவை ஒட்டிப் பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு, உயரமான ஜன்னல், ஆள் அரவம் கிடையாது. அதை லண்டன் என்று வைத்துக்கொண்டோம். வேறொரு வியாழக்கிழமை ஒரு கல்லறைத் தோட்டத்தில் இங்கிலீஷில் எழுதிய கல் ஒன்றை நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். கப்பலில் வந்து இருபத்திரண்டு வயதில் இறந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். ரஹ்மத் கல்லில் இருந்த சருகைத் தள்ளிவிட்டாள்.

"பாவம்க்கா. இவளுக்கு நம்ம ஊருதான வெளிநாடு."

பெரிய கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஓட்டல் ஒன்றில் நூடுல்ஸ் சாப்பிட்டோம். இரண்டு பேருக்கு ஒரு தட்டு. அவள் ஒரு வாய் எடுத்துவிட்டு, "இடியாப்பத்த எண்ணெயில போட்டுப் புரட்டிட்டான்" என்றாள். பரிமாறியவர் காதில் விழுந்து அவரும் சிரித்துவிட்டார்.

மறுநாள் போனில் சலீமிடம் எல்லாம் ஒப்பிப்பாள். "நேத்து லண்டன் போயிட்டு வந்தோம் மச்சான்." குழாய்ச் சத்தத்தையும் மீறி ரிசீவருக்குள் அந்த மனுஷர் சிரிப்பது எனக்கு அடுப்படியில் கேட்கும்.

அம்மா பார்த்த கடல்

என் அம்மாவைப் பற்றி இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. டெல்டாவிலேயே பிறந்து வளர்ந்த அம்மா கடலைப் பார்த்தது ஐம்பது வயதுக்கு மேல். வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போனோம். கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு அந்தாண்ட யாரு வயலு?" என்று கேட்டாள்.

ரஹ்மத்திடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அவள் கடற்கரை ஊர்க்காரி. "எங்க உம்மா கடலப் பாக்கவே மாட்டாங்கக்கா. வாப்பா பினாங்குல இருந்தாங்க. கடல் பக்கம் ஜன்னல் இருந்தா சாத்திடுவாங்க" என்றாள். அவள் ஜன்னல் சாத்துகிற பெண் இல்லை. டவுன் பஸ் போகிற தூரத்திலேயே கடலுக்கு அந்தப் பக்கத்துக் கரையைத் தேடிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தவள்.

ஐஸ் ஃபேக்டரி

அந்த வியாழக்கிழமைக்கு நாங்கள் குறித்து வைத்திருந்த ஊர் சுவிட்சர்லாந்து. மீன் மார்க்கெட் தாண்டி ஓர் ஐஸ் ஃபேக்டரி இருந்தது. அதன் மானேஜர் மனைவிக்கு நான்தான் பிளவுஸ் தைப்பேன். உள்ளே பார்க்க அவர் மூலம் சொல்லி வைத்திருந்தோம். பத்து நாளாக ரஹ்மத்துக்கு அதே பேச்சு.

வாசலில் அவள் நிற்கிறாள். நான் போன் பக்கத்தில் நிற்கிறேன்.

"உடம்பு சரியில்லையாக்கா? முகம் ஒரு மாதிரியா இருக்கு."

ஆமாம், படுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தேன்.

"இல்ல. எங்க வீட்டுக்காரரு போன்ல. சின்னச் சண்டை."

"சண்டையா? அப்ப கட்டாயம் போகணும். வாங்க வாங்க."

போனேன்.

உள்ளே அமோனியா நெடி மூக்கில் ஏறியது. மரப்பலகை போட்டு மூடிய பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டி. பலகையைத் தூக்கி நீளமான தகர டின்களை மேலே இழுத்தார்கள். சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு. கவிழ்த்தால் ஆள் உயர ஐஸ் கட்டி தரையில் வழுக்கிக்கொண்டு போனது. "பாத்து வாங்கம்மா, வழுக்கும்" என்றார் கொக்கியோடு நின்ற பெரியவர். அடுத்த அறையில் உமி போட்டு மூடிய ஐஸ் கட்டிகள்.

கடைசியாக ஒரு குளிர் அறைக் கதவைத் திறந்துவிட்டார்கள். வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்து எங்கள் முழங்கால் வரை ஏறியது. ரஹ்மத் குழந்தை மாதிரி கத்தினாள்.

"அக்கா, சுவிட்சர்லாந்து!"

பர்தாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சுவரில் பூத்திருந்த பனியைச் சுரண்டி என் கன்னத்தில் அப்பினாள். மேலே தூவிக்கொண்டாள். கறுப்புத் துணியில் வெள்ளைப் பொடி. சிரித்தாள், சிரித்தாள், அவ்வளவு சிரித்தாள். அந்தப் பெரியவரே, "இதுல என்னம்மா இருக்கு இவ்வளவு சிரிக்க" என்று கேட்டார்.

எனக்குள் 'ஐஸ் ரூம்ல வச்சிருக்காங்க' என்ற குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு கதவோரம் ஒதுங்கினேன். குளிர் என்று நினைத்துக்கொண்டு என் புடவைத் தலைப்பை இழுத்து எனக்கே போர்த்திவிட்டாள். தோளைத் தேய்த்துவிட்டாள்.

"நாளைக்கு மச்சான்கிட்ட சொல்லணும்க்கா, பனியில நடந்தோம்னு. நம்பவே மாட்டாரு."

"சொல்லு" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஐந்தரை மணிக்குக் காக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்த வாசலில் ஏறினார். "காக்கா! என்ன திடுதிப்புனு?" என்று ரஹ்மத் சந்தோஷமாகக் கேட்பது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. பிறகு கேட்டதை எழுத வேண்டாம்.

நான்கு மாதம் பத்து நாள்

உடலைக் கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அந்த மண்ணிலேயே அடக்கம் ஆவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதற்குச் சம்மதப் பேப்பரை நீட்டினார்கள், ரஹ்மத் கையெழுத்துப் போட்டாள். சலீம் முகத்தைக் கூட அவள் பார்க்கவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காக்கா பேச்சுவாக்கில், "அன்னிக்குக் காலையில அக்கா போன் பண்ணினதும் ஓடியாந்தேன்" என்று சொல்லிவிட்டார். நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். ரஹ்மத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வெள்ளைப் புடவை. கண் மட்டும் அசையவில்லை.

"காலையிலயா?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கணவர் இறந்தால் அவர்கள் வழக்கப்படி நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. இத்தா என்பார்கள். பள்ளிக்கூடம் இருந்த நாளெல்லாம் அவள் பிள்ளைகளை நான்தான் விட்டுக் கூட்டி வந்தேன். குழம்பு கொடுத்து அனுப்பினால் பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராது. வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் போன் பக்கம் நான் போவதே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஏதோ ராங் நம்பர். அடித்த சத்தத்தில் அடுத்த வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தது.

இடையில் சலீமின் ரூம்காரர், அந்தக் கும்பகோணத்துக்காரர், லீவில் வந்தார். சலீமின் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். துணைக்கு என்னை உட்காரச் சொன்னார் காக்கா. திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து ரஹ்மத் கேட்டாள்.

"அடக்கின எடம் எப்படி இருக்கும் அண்ணே?"

"மணல்தாம்மா. கண்ணுக்கெட்டின மட்டும் மணல்."

"பேரு எழுதியிருக்காங்களா?"

"அங்க பேரெல்லாம் எழுத மாட்டாங்கம்மா. தலைமாட்டுல ஒரு கல்லு. அவ்வளவுதான்."

"நிழல் இருக்கா?"

"மரம் கிடையாதும்மா."

கொள்ளிடம்

இத்தா முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஆனி மாதம். மேட்டூரில் தண்ணீர் இல்லை, இந்த வருஷமும் குறுவை இல்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் ரஹ்மத். பாதியாக இளைத்திருந்தாள்.

"அக்கா, மணல் நெறைய இருக்கிற எடம் எங்க இருக்கு? மரம் கண்ணுல படக் கூடாது."

எனக்குப் புரிந்தது. திருவையாறு வழியாக அரியலூர் போகும் பஸ்ஸில் ஏறினோம். கொள்ளிடம் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கிக்கொண்டோம். சொட்டுத் தண்ணீர் இல்லாத ஆறு. எதிர்க்கரை ஒரு கோடு மாதிரி தெரிந்தது. நடுவில் மணல், மணல், மணல் மட்டும்.

செருப்புக்குள் மணல் புகுந்து சுட்டது. கரை மரங்கள் சின்னதாகும் வரை நடந்தோம். "இங்க இருங்கக்கா" என்று என்னை நிறுத்திவிட்டு, அவள் மட்டும் இன்னும் நூறு அடி போனாள். நின்று நாலு பக்கமும் பார்த்தாள். குனிந்து மணலில் கை வைத்தாள். சூடு பொறுக்காமல் எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு ஓத ஆரம்பித்தாள். காற்றில் சத்தம் விட்டுவிட்டு வந்தது. நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். முகமெல்லாம் மணல் ஒட்டியிருந்தது.

"அன்னிக்கு அவரு அங்க ஐஸ்ல கிடந்தாரு. நான் இங்க ஐஸ்ல விளையாடிக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சே எப்படிக்கா என்னக் கூட்டிட்டுப் போனீங்க?"

காக்கா சொல்ல வேண்டாம் என்றார், நீ சந்தேகப்படுவாய் என்று பயந்தேன் என்றெல்லாம் நாலு மாதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அந்த வெயிலில் எதுவும் வரவில்லை.

"உன் மூஞ்சியப் பாத்து இல்லேன்னு சொல்ல முடியல. அதோட... இனிமே நீ என்கூட எங்கயும் வர மாட்டேன்னு தெரிஞ்சு போச்சு. கடைசியா ஒரு தரம் போகணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. அதுதான் நிசம்."

சொல்லிவிட்டு என்னாலேயே அதைத் தாங்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம், அவரவர் பக்கம் பார்த்துக்கொண்டு.

"எனக்குக் கோபம் இன்னும் போகலக்கா" என்றாள். "போகுமான்னும் தெரியல. ஆனா இங்க வர உங்களத் தவிர எனக்கு யாரு இருக்கா?"

திரும்பும் வழியில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. கரை வரும்வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கித் தூக்கி நடந்தேன். அவள் தோளை விலக்கிக்கொள்ளவில்லை.

லாரி

அடுத்த மாதமே காக்கா லாரி கொண்டுவந்தார். அதிராம்பட்டினத்தில் உம்மா வீட்டோடு இருப்பது என்று முடிவாகியிருந்தது. கட்டில், பீரோ, சலீமின் பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏற்றி முடித்துக் கயிறு கட்டினார்கள். பிள்ளைகள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டன.

ரஹ்மத் சொல்லிக்கொள்ள வந்தாள்.

எங்கள் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். கடைத்தெருவுக்குப் போகிறவர்களும் சரி, கப்பல் ஏறுகிறவர்களும் சரி, 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறிச் சொன்னால் கூட இருப்பவர்கள் அதட்டித் திருத்துவார்கள்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"போறேன்க்கா" என்றாள்.

திருத்த வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். "சரிம்மா" என்றேன்.